கூரைக்குள் நின்ற ஈரம்



அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்கு அருகே குடியிருக்கும் என் மருமகள், அதாவது ராத்தாவின் மூத்த மகள், சென்ற மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். கேள்வி மார்க்கம் பற்றியது. ஆனால் அது பிறந்த இடமோ ஒரு வாகனத்தின் கூரையிலிருந்த குளிரூட்டி. ஆகவே முதலில் வாகனத்தையும் குளிரூட்டியையும் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் கேள்விக்கு வரவேண்டியிருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள். வீட்டு ஆண்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அந்நாட்டில் 'மோட்டார் ஹோம்' என்றொரு வாகனம் உண்டு. சக்கரத்தின் மேல் வீடு என்று சொல்லலாம். கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளிக்குமிடம், மலசலகூடம் எல்லாம் உள்ளேயே இருக்கும். தூரப் பயணம் போகும் முஸ்லிம் குடும்பத்துக்கு இது பெரிய வசதி. ஹலாலான சாப்பாட்டைத் தாமே சமைத்துக்கொள்ளலாம். வுழூச் செய்து நேரத்துக்குத் தொழலாம். பெண்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்க வேண்டியதில்லை. இதையெல்லாம் எண்ணித்தான் மருமகளும் கணவரும் மூன்று வருடங்களுக்கு முன் பழைய வாகனமொன்றை வாங்கினார்கள். விலையில் பாதி அவள் உழைத்துச் சேர்த்த பணம். உரிமைப் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த வாகனத்தில் குளிரூட்டி இரண்டு. ஒன்று சாரதிக்கு முன்னால் இருப்பது, நமது வேன்களில் உள்ளது போல. எஞ்சின் ஓடினால்தான் அது வேலை செய்யும். அதன் குளிர் பின்பக்கம் வந்து சேராது. மற்றது கூரையின் மேல் முதுகுப் பை போல உட்கார்ந்திருப்பது. வாகனத்தை நிறுத்தித் தங்கும்போது, தங்குமிடத்தார் கொடுக்கும் மின்சாரத்திலோ வாகனத்தின் சொந்த ஜெனரேட்டரிலோ அது ஓடும். அங்கே வீட்டு மின்சாரம் நம்முடையதைப் போல 230 வோல்ட் அல்ல, 120 வோல்ட். டெக்சாஸின் கோடையில் வெயில் 38 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். மெல்லிய சுவர் கொண்ட அந்த வாகனத்துக்குள் கூரைக் குளிரூட்டி நின்றுவிட்டால் அடுப்புக்குள் இருப்பது போலத்தான்.

சென்ற கோடையில் அதுதான் நடந்தது. ராத்தா மகளைப் பார்க்கப் போயிருந்த நேரம். பயணத்தில் மூன்றாம் நாள், நடுப்பகலில் குளிரூட்டி நின்றுவிட்டது. காற்று வந்தது, குளிர் வரவில்லை. ராத்தாவுக்கு வயது 68, இரத்த அழுத்தமும் உண்டு. அன்று பின்னேரம் அவருக்குத் தலைசுற்றி, பக்கத்து ஊரில் அறை எடுத்துத் தங்க வேண்டியதாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், வேறொன்றும் ஆகவில்லை.

வீடு திரும்பியதும் புதியது வாங்குவோம் என்றார் கணவர். மருமகள் அவசரப்பட விடவில்லை. (உம்மாவின் பழக்கம் அவளுக்கும் வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் உடைந்த குடையைக்கூடத் தைத்துப் பார்த்த பின்புதான் எறிவார்கள்.) காற்று வந்து குளிர் வராவிட்டால், கம்பிரசரைக் கிளப்பிவிடும் 'கப்பாசிட்டர்' என்ற சிறு உறுப்புப் பழுதாகியிருக்கலாம். அதன் விலை சில பத்து டொலர்கள். புதுக் குளிரூட்டியோ ஆயிரம் டொலர் அளவில். தூசு அடைத்த வடிகட்டியும், நீண்ட மெல்லிய வயரினால் மின்னழுத்தம் குறைவதும்கூட இதே குணத்தைக் காட்டும். இவற்றைப் பார்க்காமல் புதியது வாங்குவது வீண்விரயம். மின்வேலை தெரிந்தவர் ஒருவரை அழைத்துப் பார்த்தார்கள். கப்பாசிட்டரை மாற்றியும் கம்பிரசர் கிளம்பவில்லை. கூரைக் குளிரூட்டிகளின் வாயுக் குழாய்கள் தொழிற்சாலையிலேயே அடைத்து வருபவை. வீட்டுக் குளிரூட்டியைப் போலத் திறந்து வாயு நிரப்ப வசதி வைத்திருப்பதில்லை. ஆகவே மாற்றத்தான் வேண்டுமென்று முடிவாயிற்று.

மாற்றுவது மந்திரமல்ல. கூரையில் ஏறத்தாழ 14 அங்குலச் சதுர ஓட்டை இருக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் இந்த அளவுக்கே செய்வதால், ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பொருத்தலாம். உட்கூரையில் வரும் காற்றுப் பெட்டி மட்டும் மேலே வைப்பதற்கு ஒத்துவர வேண்டும். மேற்பகுதி 40 கிலோவுக்கு மேல் பாரம். அதை இழுத்துக்கொண்டு போனால் கூரையின் ரப்பர் விரிப்புக் கிழிந்துவிடும், தூக்கித்தான் வைக்க வேண்டும். அதற்கு முன் வெளி மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டையும் நிறுத்த வேண்டும். நிறுத்திய பின்னும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் தெரியாதவர் கைவைக்கக் கூடாது.

ஓட்டையைச் சுற்றி, குளிரூட்டிக்கும் கூரைக்கும் நடுவே, தடித்த பஞ்சு போன்ற ரப்பர் வளையம் ஒன்று வரும். மழைத் தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது அதுதான். உள்ளிருந்து நான்கு நீள போல்ட்டுகளை முறுக்க, வளையம் அமுங்கிப் பாதித் தடிப்புக்கு வரவேண்டும். கூடினால் நெரிந்து கெட்டுவிடும், குறைந்தால் ஒழுகும். மேலதிகப் பாதுகாப்பென்று எண்ணிச் சிலர் வளையத்தில் சிலிக்கன் பூசுகிறார்கள். செய்தவர்களே அது கூடாதென்கிறார்கள். வாகனம் குலுங்கிக் குலுங்கிப் போவதால் போல்ட்டுகள் காலப்போக்கில் தளரும், இடைக்கிடை பார்த்து முறுக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். மழைத் தண்ணீர் மட்டுமல்ல, குளிரூட்டி தானே உண்டாக்கும் தண்ணீரும் கூரையின் மேல்தான் வடிகிறது. வளையம் தளர்ந்தால் இரண்டும் உள்ளே இறங்கும்.

மருமகளின் கணவரும் பக்கத்து வீட்டார் இருவரும் சேர்ந்து பழையதைக் கழற்றினார்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஓட்டையின் ஓரத்துப் பலகையில் திருப்புளியை வைத்து அழுத்தினால் ஈரக் கேக்கில் இறங்குவது போல இறங்கியது. உட்கூரையில் முன்பு விற்றவர் அழகுக்காக ஒட்டியிருந்ததாக இவர்கள் நினைத்த அகலமான வெள்ளைச் சட்டத்தைப் பெயர்த்தால், அதன் கீழே பழுப்புக் கறை. பல வருட ஒழுக்கு, தெரிந்தே மறைத்து விற்றிருக்கிறார். அவரது தொலைபேசி இப்போது பதிலளிப்பதில்லை.

ஓட்டையைச் சுற்றியுள்ள பலகையை மட்டும் வெட்டிப் புதிது வைத்து, புதுக் குளிரூட்டியைப் பொருத்தினார்கள். நன்றாகக் குளிர்கிறது. ஆனால் ஈரம் கூரைக்குள்ளே பக்கச் சுவர் வரை ஓடியிருக்கிறது. அதை முழுதாகத் திருத்தப் பல ஆயிரம் டொலர் கேட்கிறார்கள். கணவர் வாகனத்தை விற்றுவிடத் தீர்மானித்தார். இனி மருமகளின் கேள்வி:

"மாமா, இவர் அந்த வெள்ளைச் சட்டத்தைத் திரும்பவும் ஒட்டிட்டு, 'புது ஏ.சி. போட்டது' என்று விளம்பரம் கொடுக்கப் போறார். கேட்டா, நமக்கும் அப்படித்தானே வித்தாங்க, இந்த நாட்டுல பழைய வாகனத்தை 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி வித்தா சட்டம் ஒண்டும் செய்யாது, வாங்கறவங்க பார்த்து வாங்கட்டும் என்கிறார். பத்திரத்தில நானும் கையெழுத்துப் போடணும். போடலாமா?"

இந்தக் கேள்விக்கு என் கிதாபுகளைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. மத்ரஸாவில் நாங்கள் சிறுவர்களாக ஓதிய ஹதீஸே கண்முன் வந்து நின்றது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகையில் உள்ளே கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. வியாபாரியிடம் விசாரிக்க, மழை நனைத்துவிட்டது என்றார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றார்கள். அபூஹுரைரா (ரழி) அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அந்த மனிதர் மழையைப் பெய்விக்கவில்லை, தானியத்தை நனைக்கவுமில்லை. காய்ந்ததை மேலே வைத்தார், அவ்வளவுதான். நம் மாப்பிள்ளையும் கூரையை ஒழுகச் செய்தவரல்லர், சட்டத்தை ஒட்டப் போகிறவர்.

'உள்ளது உள்ளபடி' என்ற வார்த்தைக்கும் நம் ஃபிக்ஹில் இடமிருக்கிறது. எந்தக் குறைக்கும் தாம் பொறுப்பில்லை என்று நிபந்தனையிட்டு விற்பது. இப்னு உமர் (ரழி) அவர்கள் ஓர் அடிமையை இப்படி 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர், அடிமைக்கு நோயிருந்தது, சொல்லவில்லை என்று கலீஃபா உஸ்மான் (ரழி) அவர்களிடம் வழக்குக் கொண்டுபோனார். நோயை அறியாமலே விற்றதாகச் சத்தியம் செய்யுமாறு தீர்ப்பாயிற்று. இப்னு உமர் சத்தியம் செய்ய மறுத்து அடிமையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பின்னர் குணமான அதே அடிமையை 1500 திர்ஹத்துக்கு விற்றார்கள் என்று முவத்தாவில் வருகிறது. ஷாபிஈ மத்ஹபில் வலுவான சொல், இந்த நிபந்தனை உயிருள்ள பிராணியில், விற்பவர் அறியாத உட்குறைக்கு மட்டுமே செல்லும் என்பது. வாகனத்துக்குச் செல்லாது, அதுவும் திருப்புளியால் குத்திப் பார்த்தே அறிந்த குறைக்கு எப்படிச் செல்லும்? வாங்குபவர் முஸ்லிமல்லாதவராக இருந்தாலும் மோசடி ஹராம்தான். தமக்கு ஒருவர் செய்தது வேறொருவருக்குச் செய்ய அனுமதியாகாது.

ஆகவே மருமகளுக்கு எழுதினேன்: மறைத்து விற்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே. பாதி உன் சொத்து, நீயும் விற்பவள். பாவத்தில் கணவருக்குக் கீழ்ப்படிதல் இல்லை. ஆனால் அவரோடு சண்டைக்குப் போகாதே. பலகை வெட்டியபோது எடுத்த படங்கள் இருக்குமே, அவற்றை விளம்பரத்தோடு போடச் சொல். குறையைப் பெயர் சொல்லி, கண்ணால் காட்டக்கூடியதைக் காட்டி விற்றால் பொறுப்பு நீங்கும். குளிரூட்டி புதியது என்பதும் உண்மைதானே, அதையும் சொல்லி அதற்குரிய விலையைக் கேளுங்கள். எங்களுக்கும் இப்படி நடந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை.

மாப்பிள்ளை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் படங்களைப் போட்டிருக்கிறார். இருவர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மூன்றாமவர் தச்சு வேலை தெரிந்தவராம். மிகவும் குறைத்துக் கேட்கிறார். இதை எழுதும்வரை விலை படியவில்லை.

ராத்தாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அந்தப் புது ஏ.சி.யைக் கழற்றி நம்முடைய வீட்டுக்கு அனுப்ப முடியாதா என்று என்னிடம் கேட்கிறார். 120 வோல்ட்டையும் கூரையில் வெட்ட வேண்டிய 14 அங்குல ஓட்டையையும் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.