ரெகுலரா, கரஸ்ஸா?

நேர்முகத் தேர்வு அறையில் என் பக்கத்தில் இருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். சைபர் பாதுகாப்பில் முதுநிலைப் பட்டம், இணையவழி, பகுதி நேரம், மூன்றரை ஆண்டு. ‘ஆன்லைன்’ என்ற சொல்லைப் பேனாவால் வட்டமிட்டார். எதிரே வந்த பெண் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் கேட்டுவிட்டார்: “இது ரெகுலரா, கரஸ்ஸாம்மா?”

அந்தப் பெண் ஏழு ஆண்டுகள் சைபர் கண்காணிப்பு மையத்தில் ஷிப்ட் பார்த்தவர். “வேலை பார்த்துக்கிட்டே படிச்சேன் சார்” என்றார். தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டவர் பேசும் குரல் அது. அந்தக் குரல் எனக்குப் பொறுக்கவில்லை.

முழுநேரமும் வகுப்பில் உட்கார்ந்து படித்தால்தான் படிப்பு, சம்பளம் வாங்கிக்கொண்டு ராத்திரியில் படிப்பது பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் எழுத்து என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஆள் எடுக்கும் மேலாளரிடமும் இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டாரிடமும் இருக்கிறது. எந்தப் படிப்புக்கும் இது சரியல்ல. சைபர் பாதுகாப்பைப் பொறுத்தவரை தலைகீழான எண்ணம். இந்தத் துறையில் முதுநிலைப் படிப்பு, வேலையை விடாமல் படிக்கிறவருக்கே முழுதாகக் கைவருகிறது.

சந்தேகம் சும்மா வந்ததல்ல, ஒப்புக்கொள்கிறேன். காசுக்குப் பட்டம் விற்ற கடைகளை நாம் பார்த்திருக்கிறோம். அனுமதியே வாங்காமல் அஞ்சல் வழியில் பொறியியல் பட்டம் கொடுத்த நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மீது 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கடும் தீர்ப்பு எழுதியது. ஆனால் கடையில் விற்றவனின் பழியை, கண்விழித்துப் படித்தவர் தலையில் ஏற்றுவது எந்த நியாயம்? 2022 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் வளாகப் பட்டங்களுக்கு இணையானவை என்று அறிவித்துவிட்டது. அறிவிப்பு வந்தும் வட்டமிடும் பேனா நிற்கவில்லை.

என் அம்மா ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியை. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியதால்தான் அவரைப் போன்றவர்கள் எம்.ஏ. படிக்க முடிந்தது. சனி, ஞாயிறுகளில் தொடர்பு வகுப்புக்காகப் பஸ் ஏறிப் போவார். திரும்பி வந்து எங்களுக்குச் சோறு போட்டுவிட்டுப் பாடப் பொட்டலத்தைப் பிரிப்பார். இலக்கணத்தில் அன்று அவர் படித்தது செவ்வாய்க்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தமிழ்நாட்டில் நமக்கு எழுத்தறிவித்தவர்களில் எத்தனையோ பேர் இப்படி ‘கரஸ்’ஸில் படித்தவர்கள்.

இன்றைய இணையவழிப் படிப்பு எப்படி இருக்கிறது என்பதை வட்டமிடுகிறவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக், 2014 ஜனவரியில் கணினி அறிவியல் முதுநிலைப் பட்டத்தை இணையத்துக்குக் கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் சைபர் பாதுகாப்பும் வந்தது. செயல்முறைத் திட்டத்தையும் சேர்த்துப் பத்துப் பாடங்கள். தொடங்கியபோது மொத்தக் கட்டணம் 10,000 டாலருக்குள். பட்டச் சான்றிதழில் ‘ஆன்லைன்’ என்ற சொல்லே கிடையாது. முதலில் வந்த கணினிப் படிப்புக்கு விண்ணப்பித்தவர்களைப் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் ஆராய்ந்தார்கள். வளாகத்துக்கு விண்ணப்பித்தவரின் சராசரி வயது 24, இணையவழிக்கு 34. இணையவழியில் இடம் கிடைக்காதவர்கள் பெரும்பாலும் வேறு எங்கும் சேரவில்லை. வளாகத்துக்குச் சோம்பல்பட்டு வீட்டிலிருந்து படிக்கிறார்கள் என்ற பேச்சுக்கு இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்? இந்த வழி இல்லையென்றால் அவர்கள் படித்தே இருக்க மாட்டார்கள். நம் நாட்டில் கான்பூர் ஐஐடியும் வேலையில் இருப்பவர்களுக்காகக் கேட் மதிப்பெண் கேட்காமல் சைபர் பாதுகாப்பில் முதுநிலைப் பட்டம் நடத்துகிறது.

நானும் அப்படிப் படித்தவள்தான். எது எனக்குள் இறங்கியது என்று ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கண்காணிப்பு மையத்தில் உட்கார்ந்தவர்களுக்கு, மென்பொருள் எழுப்பும் அலர்ட் என்றால் என்னவென்று தெரியும். திரை முழுக்கச் சிவப்பு. திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை, மூடு, அடுத்ததைத் திற. விடியும்போது கை தானாக மூடிக்கொண்டிருக்கும், கண் படித்திருக்காது. இன்னும் நல்ல மென்பொருள் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று ஆறு ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். படிப்பின் இரண்டாம் பருவத்தில், ஸ்டெஃபான் ஆக்செல்சன் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் 1999-இல் எழுதிய கட்டுரையைப் பாடமாக வைத்தார்கள். அதன் சாரத்தை எளிய கணக்காகப் போடலாம். ஒரு நாளில் பத்து லட்சம் நிகழ்வுகள் பதிவாகின்றன, அவற்றில் உண்மையான தாக்குதல் 10 என்று வையுங்கள். உங்கள் மென்பொருள் தாக்குதல்களில் நூற்றுக்கு 99-ஐப் பிடித்துவிடும், சாதாரண நிகழ்வுகளில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் தவறாகச் சந்தேகப்படும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அந்த நூற்றுக்கு ஒன்று, பத்து லட்சத்தில் ஏறத்தாழ 10,000. ஆக, திரையில் எரியும் பத்தாயிரம் சிவப்பில் உண்மையானது பத்து. ஆயிரத்துக்கு ஒன்று.

இதற்கு அடிப்படையான பேயஸ் தேற்றத்தைக் கல்லூரியில் நான்காம் செமஸ்டரில் படித்திருக்கிறேன். பதினாறு மார்க் கேள்வி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அப்போது அது சிவப்புப் பந்தும் நீலப் பந்தும். ஷிப்ட் பார்த்துக் கண் எரிந்த பிறகு அதே தேற்றத்தைப் பார்த்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. என் பிழை என்று இத்தனை நாள் நினைத்தது எண்ணிக்கையின் குணம். இன்னும் அதிகமாகப் பிடிக்கும் மென்பொருளை வாங்கிப் பயனில்லை, பொய்ச் சந்தேகத்தைக் குறைக்க வேண்டும். திங்கட்கிழமை போனதும் முதல் வேலையாக எங்கள் பேக்கப் சர்வரைப் பார்த்தேன். இரவுதோறும் அது பெரிய கோப்புகளை நகலெடுக்கும், அதைத் தகவல் திருட்டு என்று எங்கள் விதி ஒன்று தினமும் அலறும். அனுமதி வாங்கி அந்த விதியைத் திருத்தி எழுதினேன். ஞாயிறு படித்தது திங்கள் வேலைக்கு வந்தது. இருபத்திரண்டு வயதில் முழுநேர வகுப்பில் இதைக் கேட்டிருந்தால் இன்னொரு பதினாறு மார்க்கோடு போயிருக்கும்.

வேலையில் இருப்பவருக்கே விளங்கும் பாடங்கள் இந்தத் துறையில் ஏராளம். அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து 2017-இல் 14 கோடியே 70 லட்சம் பேரின் தகவல்கள் திருடப்பட்டன. ஓட்டை இருந்தது அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில். அதை அடைக்கும் பேட்ச் மார்ச் 7 அன்றே வந்துவிட்டது. 48 மணி நேரத்துக்குள் போடுங்கள் என்று நிறுவனத்துக்குள் 400-க்கும் மேற்பட்டவர்களுக்கு மின்னஞ்சலும் போனது. ஆனால் அஞ்சல் பட்டியல் பழையது, போய்ச் சேர வேண்டியவருக்குச் சேரவில்லை. தேடிப் பார்த்த ஸ்கேனும் அந்த சர்வரைக் கண்டுபிடிக்கவில்லை. மே மாதம் நுழைந்தவர்கள் ஜூலை முடியும்வரை உள்ளே இருந்தார்கள். வலையமைப்புப் போக்குவரத்தைப் பரிசோதிக்க வைத்திருந்த கருவியின் டிஜிட்டல் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதி ஆகியிருந்ததால் அது குருடாகிக் கிடந்தது. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்தார்கள், உடனே திருட்டு கண்ணில் பட்டது.

இதை வகுப்பில் மட்டும் படிக்கும் மாணவர் ‘பேட்ச் போடத் தவறிவிட்டார்கள்’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். “மாசக் கடைசி, பில்லிங் ஓடுது, இப்ப டவுன்டைம் கேட்காதீங்க” என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்குத்தான் அந்த மின்னஞ்சல் பட்டியலின் கனம் தெரியும். 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் பணம் களவுபோனபோது, பரிமாற்றங்களை அச்சிடும் பிரிண்டர் வேலை செய்யவில்லை. வழக்கமான கோளாறு என்றே ஊழியர்கள் நினைத்தார்கள். அலுவலகத்தில் ஐந்து ஆண்டு இருந்த யாரும் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள், தங்கள் அலுவலகப் பிரிண்டரை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

அனுபவமே போதுமே, பட்டம் எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற, பிணைத்தொகை கேட்கும் தீநிரல் உலகத்தை உலுக்கியபோது அதன் பரவலைத் தடுத்து நிறுத்தியவர் மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற, தானே கற்றுக்கொண்ட பிரிட்டன் இளைஞர் என்று எடுத்துக்காட்டுவார்கள். அவர் திறமையை மனதார மதிக்கிறேன். ஆனால் எங்களில் பெரும்பாலோர் அப்படி அல்ல. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியும், ஏன் என்று தெரியாது. சால்ட்சர், ஷ்ரோடர் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் 1975-இல் எழுதிய கட்டுரையில் பாதுகாப்பு வடிவமைப்புக்கு எட்டு நெறிகளைச் சொன்னார்கள். அவற்றில் ஒன்று, பாதுகாப்பு முறை பயன்படுத்துகிறவரின் மனத்துக்கு ஒத்துப்போக வேண்டும் என்பது. இரவு பதினொன்றரைக்கு அதைப் படித்தேன். மறுநாள், விசைப்பலகைக்கு அடியில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருந்த கணக்குப் பிரிவு அக்காவைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. முப்பது நாளுக்கு ஒருமுறை மாற்று என்ற விதியை வைத்தவர்களே நாங்கள். நான் பிறப்பதற்கு முன்பே இதை யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள், ஆறு ஆண்டு அனுபவம் அதை எனக்குச் சொல்லித் தரவில்லை.

வேலையோடு சேர்ந்தால்தான் இந்தப் படிப்பு உள்ளே இறங்கும் என்பதால், பி.இ. முடித்த கையோடு இந்தப் படிப்பில் சேர நினைக்கும் தம்பி, தங்கைகளிடம் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். வேலையே பார்க்காமல் இந்தப் பட்டத்தை மட்டும் காட்டிப் பெரிய சம்பளம் கிடைக்கும் என்று ஆசை காட்டும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

வளாகத்தில் கிடைக்கும் சகவாசம் இதில் இல்லை என்பார்கள். அது உண்மை, அந்த இழப்பை நான் உணர்ந்தேன். ஆனால் வளாகம் யாருக்குத் திறந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வீட்டுக் கடனோடு, படுத்த படுக்கையான மாமனாரோடு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு இரண்டு ஆண்டு சம்பளம் இல்லாமல் யார் போக முடியும்? அட்லாண்டாவில் ஞாயிறு நள்ளிரவு கெடு என்றால் நமக்குத் திங்கள் காலை ஒன்பதரை, பத்தரை. பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, லாகின் நேரத்துக்குள் கடைசிக் கோப்பைச் சமர்ப்பிக்கும் பெண்களை எனக்குத் தெரியும். பேருக்குப் பட்டம் வேண்டும் என்று வருகிறவர் இப்படி மூன்றரை ஆண்டு தாங்க மாட்டார்.

நேர்முகத் தேர்வுக்கு வந்த அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: “ஒரு ஷிப்ட்ல எத்தனை அலர்ட் வரும், அதுல எத்தனை நிஜம்?” எழுந்து போய்ப் பலகையில் கணக்கைப் போட்டார். மென்பொருளைக் குறை சொல்லவில்லை. எந்தெந்த விதிகளைத் திருத்தினார், எதைத் திருத்தப் பயந்தார் என்று சொன்னார். கடைசியில், தானே மூடிவிட்ட ஓர் அலர்ட் மூன்று நாள் கழித்து நிஜமென்று தெரிந்ததையும், அதை மேலாளரிடம் தானே போய்ச் சொன்னதையும் கேட்காமலே சொன்னார். இப்போது அந்தக் குரலில் தயக்கம் இல்லை.

அவர் வெளியே போனதும் பக்கத்தில் இருந்தவர் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார். “நல்லாத்தான் சொல்லுது பொண்ணு. ஆனா ஆன்லைன்ல...” என்று இழுத்தார்.

நான்கு ஆண்டுகளாக என்னோடு வேலை பார்ப்பவர். நான் எங்கே, எப்படிப் படித்தேன் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

“நானும் கரஸ்தான் சார்” என்றேன்.