மழலையர் திறன் சோதனைகளில் மதிப்பெண் வரைவும் மொழிவழக்கும்

மழலையரின் நுண்ணறிவை அளக்கும் சோதனைகள் இன்று ஒற்றை எண்ணோடு நிற்பதில்லை. டேவிட் வெக்ஸ்லர் 1967இல் வெளியிட்ட மழலையர் அளவுகோலின் நான்காம் பதிப்பு (2012), நான்கு வயது நிறைந்த குழந்தைக்குச் சொற்புரிதல், காட்சிவெளி அறிவு, நெகிழ்வுப் பகுத்தறிவு, செயல்நினைவு, செயல்விரைவு என ஐந்து மதிப்பெண்களைத் தருகிறது. இவற்றின் ஏற்ற இறக்கத்தை வரைவாக இட்டு, 'இக்குழந்தை மொழித்திறனில் பின்தங்கியது' என முடிவுகட்டும் போக்கு உண்டு. அளவியல் நோக்கில் இம்முடிவு வலுவற்றது.

இரு மதிப்பெண்களின் வேறுபாடு அவ்விரண்டின் பிழைகளையும் ஒருங்கே சுமக்கிறது. அவற்றுக்குப் பொதுவான மெய்த்திறனோ கழித்தலில் மறைந்துவிடுகிறது. ஒவ்வொன்றின் நம்பகக் கெழு 0.90, இரண்டிற்கும் இடையிலான ஒட்டுறவு 0.60 எனக் கொண்டால், வேறுபாட்டின் நம்பகம் 0.75 ஆகக் குறைகிறது. திட்ட விலக்கம் 15 உடைய அளவுகோலில், ஏறத்தாழ 13 புள்ளிக்கு உட்பட்ட வேறுபாட்டை 95 விழுக்காட்டு உறுதியுடன் மெய்யானது எனக் கூற இயலாது. ஐந்து மதிப்பெண்களுக்கோ பத்து இணைகள். தேடுவோர்க்கு ஏதேனும் ஒரு பள்ளம் அகப்படும். மக்டெர்மட்டும் உடனாய்வாளரும் உட்சோதனை வரைவுகளைப் பொருள்கொள்வதைக் கைவிடுமாறு 1990இலேயே எழுதினர்.

இதில் தமிழாய்வாளர்க்கு என்ன பணி என்று வினவலாம். மேற்கண்ட கணக்குத் தற்செயல் பிழைக்கே பொருந்தும். தமிழ்க் குழந்தையின் சொற்புரிதல் மதிப்பெண்ணில் வேறொரு பிழையும் புகக்கூடும். பெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்குத் தமிழில் ஆழ வேரூன்றியது. 'இவ்விரண்டும் எவ்வகையில் ஒத்தவை?' என்று வினவப்படும் ஐந்து வயதுக் குழந்தை வாய் திறவாதிருக்கலாம். 'ரெண்டும் எதுல ஒண்ணா இருக்கு?' என்றால் அதுவே விடையிறுக்கலாம். படத்திலுள்ள பொருளை ஒரு குழந்தை துடைப்பம் என்னும்; இன்னொன்று விளக்குமாறு என்னும்; தென்மாவட்டக் குழந்தை வாரியல் என்னும். விடைக்குறிப்பில் ஒன்று மட்டும் இருப்பின் ஏனையோர் இழப்பர். இப்பிழை ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் நிகழ்வதால் நம்பகக் கெழுவைக் குறைப்பதில்லை; உயர்த்தியும் காட்டலாம். சிதைவது ஏற்புடைமை. கெழுவை மட்டும் நோக்குவோர்க்கு அது புலப்படாது. வழக்கியலும் வட்டாரச் சொல்லியலும் கற்றோர்க்குப் புலப்படும்.

ஆகவே சோதனைத் தமிழாக்கத்தை மொழிபெயர்ப்புப் பணியாகக் கருதுவது போதாது. வினாக்களின் வழக்கைத் தேர்தலும், ஏற்கத்தக்க வட்டார விடைகளைத் தொகுத்தலும் தமிழ்த்துறைகளின் ஆய்வுப்பொருளாக வேண்டும். அதுவரை, சொற்புரிதல் மதிப்பெண் தாழ்ந்துள்ளது என்னும் ஒன்றை மட்டும் கொண்டு எக்குழந்தையையும் சிறப்பு வகுப்புக்கு அனுப்புதல் ஏற்கத்தக்கதன்று.