விலை சொல்லக் கூசும் வித்தை

(இளங்கலைக் கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

படித்துக்கொண்டே கடைகளுக்கு இணையதளமும் செயலியும் அமைத்துக் கொடுக்கும் மாணவர்கள் நம் கல்லூரியில் இன்று ஒருவர் இருவர் அல்லர். இதைப் பற்றி இருவகைப் பேச்சு உண்டு. "படிக்கிற வயதில் காசு எதற்கு?" என்பார் பெரியோர். "அனுபவம் கிடைக்கிறதே, அதுதான் கூலி" என்பார் நண்பர்.

பெரியோர்க்கு விடை எளிது. தேர்வுக் கட்டணம் கட்டவே கணக்குப் பார்க்கும் வீடுகளிலிருந்து வருகிறோம். விடுமுறையில் தறியில் உட்காருவதும் துணிக்கடையில் பில் போடுவதும் தவறில்லை என்றால், கற்ற கல்வியைக் கொண்டு பொருளீட்டுவது மட்டும் எவ்வாறு தவறாகும்? நண்பர்களின் பேச்சுத்தான் எனக்கு அச்சம் தருகிறது.

கூலி என்றால் என்ன என்று காஞ்சிபுரத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பட்டும் சரிகையும் முதலாளி தருவார். தறிக்காரர் நெய்து தருவார். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. முன்பணம் வாங்கியவர் அது தீருமட்டும் வேறிடம் நெய்வது அரிது. கோர்வைக் கரைக்குத் துணைக்கு ஒருவர் உட்கார வேண்டும்; பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையே உட்காரும், அதற்குத் தனிக் கூலி யார் தருவார்? நெய்தவருக்கு விலை சொல்லும் உரிமை மட்டும் இல்லை.

நம் தொழிலுக்கும் தறிக்கும் உறவு புதிதன்று. 1804 வாக்கில் பிரான்சு நாட்டு ஜாகார்டு தம் தறியில் துளையிட்ட அட்டைகளைக் கோத்தார். துளை இருந்தால் இழை உயரும், இல்லையேல் உயராது. அந்த அட்டையைத்தான் பாபேஜ் தம் கணக்கிடும் பொறிக்கு எடுத்துக்கொள்ள எண்ணினார். பிள்ளையார்பாளையத்துத் தறிகளின் மேலே தொங்கும் அட்டைகளைப் பார்த்து வளர்ந்தவன் கணினி நிரலைக் கண்டு மிரள வேண்டியதில்லை. ஆனால் அட்டையோடு கூலிமுறையும் சேர்ந்து மடிக்கணினிக்குள் வந்துவிட்டதே, அதுதான் என் கவலை.

என் தோழன் ஒருவன் ஒரு பட்டுக்கடைக்கு இணையதளம் அமைத்தான். கடையின் பெயர் வேண்டாம். ஐயாயிரம் ரூபாய் என்று வாய்ப்பேச்சு. முப்பது சேலைப் படம் என்றார்கள், முந்நூறு ஆயிற்று. "தம்பி, போனிலேயே பணம் கட்டுகிற மாதிரி வைத்துவிடு" என்றார்கள், வைத்தான். ஆடித் தள்ளுபடிக்கு முகப்பை மாற்றினான், தீபாவளிக்கு மறுபடியும் மாற்றினான். கைக்கு வந்தது இரண்டாயிரம் ரூபாயும் ஒரு பெட்டி இனிப்பும். மீதியைக் கேட்டபோது, "நம்ம பையன்தானே, எங்கே போய்விடப் போகிறது?" என்று பதில்.

கடைக்காரரை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. அவர் சேலை விற்றுப் பழகியவர். தறியிலிருந்து அறுத்து இறக்கிய சேலைக்கு மேற்கொண்டு நெசவு இல்லை. இணையதளம் அப்படியா? முகவரிப் பெயருக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். தளம் தங்கியிருக்கும் கணினிக்கு வாடகை உண்டு. இன்று ஓடுகிற நிரல் நாளை போன் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் நின்றுபோகும். இதை முதல் நாளே எடுத்துச் சொல்லாமல் ஒரே தொகை பேசுகிறவன் காலமெல்லாம் இலவச வேலை செய்ய ஒப்புக்கொண்டவனே. மறுபுறம், பட்டம் பெற்று ஒரகடத்துக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால் நடுத்தெருவில் நிற்பவர் கடைக்காரர். தளத்தின் கடவுச்சொல்லும் மாணவனோடு போய்விடும். இந்தக் குற்றச்சாட்டை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதில் நியாயமும் இருக்கிறது.

ஆகவே ஒரு தாள் போதும், ஆனால் அந்தத் தாள் வேண்டும். எத்தனை பக்கம், எத்தனை படம், எத்தனை முறை திருத்தம், பாதிப் பணம் முன்னால், ஆண்டுப் பராமரிப்புக்குத் தனித்தொகை. முகவரிப் பெயர் கடைக்காரர் பெயரிலேயே பதிவாக வேண்டும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி பதினெட்டு நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பதை முதலாண்டுத் தம்பிகளும் தங்கைகளும் நினைவில் கொள்க. இன்னொன்று: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு வகையில் சேர்க்கிறது. (தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் சிரிக்கக்கூடும், சட்டம் அப்படித்தான் சொல்கிறது.) ஊழியராக அன்றித் தனியாக எழுதிக் கொடுத்த நிரலின் உரிமை, எழுத்தில் மாற்றித் தந்தாலன்றிப் பொதுவாக எழுதியவருக்கே உரியது. இதையறியாமல் எத்தனை பேர் விட்டுக்கொடுத்திருக்கிறோம்!

வெளிநாட்டு வேலைச் சந்தைத் தளங்களுக்குப் போகலாமே என்பர் சிலர். போகலாம். ஃபைவர் நூற்றுக்கு இருபது எடுத்துக்கொள்கிறது. உலகமெங்குமிருந்து ஒருவரையொருவர் விலையில் கீழே தள்ளுகிறார்கள். முதலாளியின் முகம் தெரியாது என்பதுதான் வேறுபாடு.

எனக்குத் தோன்றும் வழி இந்த ஊர் ஏற்கெனவே கண்ட வழி. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அதே 1904ஆம் ஆண்டு அக்டோபரில், இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது காஞ்சிபுரத்தில்தான். பின்னர் காமாட்சியம்மன், முருகன் என்று பட்டு நெசவாளர் சங்கங்கள் எழுந்தன. சங்கத்திலும் கூலிதான், குறைகளும் உண்டு. ஆயினும் கணக்கு எழுத்தில் இருக்கும், நெய்கிறவருக்குப் பங்கும் வாக்கும் இருக்கும். தனித்தனியே விலை பேசிக் கூசி நிற்கும் நாமும் ஏன் ஒரு சங்கமாகக் கூடக்கூடாது? ஒரே விலைப்பட்டியல், ஒரே ஒப்பந்தத் தாள். மூன்றாமாண்டு மாணவர் அமைத்ததை இரண்டாமாண்டு மாணவர் பராமரிப்பார். கடைக்காரரும் கைவிடப்பட மாட்டார். கற்றுக்கொள்ள வழியில்லை என்று சொல்ல முடியாது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினரும் கணியம் இதழினரும் கட்டற்ற மென்பொருளைக் காசு வாங்காமல் தமிழிலேயே கற்பித்து வருகின்றனர்.

முதல் வாடிக்கையாளரையும் தேடி அலைய வேண்டாம். காஞ்சிப் பட்டு 2005ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. ஆனால் தான் நெய்ததைத் தன் பெயரில் காட்ட ஒரு பக்கம்கூட இல்லாத தறிக்காரர்கள் நம் வகுப்பிலேயே பலருக்குத் தந்தையர்.

இதற்கான விண்ணப்பத்தில் பதினோரு பேர் கையொப்பமிட்டுத் துறைத்தலைவர் ஐயாவிடம் கொடுத்திருக்கிறோம். சட்டதிட்டங்களைப் பார்க்க வணிகவியல் துறை ஆசிரியர் ஒருவரும் தேவை. சேர விரும்புவோர் வியாழன் பிற்பகலில் கணினி ஆய்வகத்துக்கு வரலாம். கணினித்துறை மாணவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.