எழுதுபவர் யார், எழுதப்படுபவர் யார்?

சமூக அக்கறையுள்ள ஓர் இதழ் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது கட்டுரையாளர் குறிப்புகளைத்தான். பேராசிரியர், வழக்கறிஞர், முனைவர் பட்ட ஆய்வாளர், பத்திரிகையாளர். தலித் இதழ்களிலும் பெரும்பாலும் இதே வரிசைதான். நம் பிள்ளைகள் படித்து எழுதுவதில் எனக்குப் பெருமை உண்டு. பாமா, இமையம், சுகிர்தராணி மூவரும் பள்ளி ஆசிரியர்களாக இருந்து எழுதியவர்கள். ரவிக்குமார் வங்கியில் வேலை பார்த்தவர். மாதச் சம்பளம் தந்த நிம்மதிக்கு நம் இலக்கியத்தில் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த வரிசையோடு நாம் நின்றுவிட்டோமா என்பதே என் கேள்வி.

1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த மருத்துவர். ஓராண்டில் 'தமிழன்' என்று பெயர் மாறிய அந்த இதழில் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கும் இடம் இருந்தது. கோலார் தங்கவயலின் சுரங்கக் குடியிருப்புகள் வரை அது போய்ச் சேர்ந்தது. 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு, 1926இல் அதை மீண்டும் கொண்டுவந்தவர்களும் தங்கவயல்காரர்களே. உழைப்பாளிகள் தங்கள் பத்திரிகை என்று உரிமை கொண்டாடிய இதழ் அது.

இப்போது எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருவோம். விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர், போடி, உத்தமபாளையம் பக்கங்களிலிருந்து ஜீப்களில் நெருக்கியடித்து ஏறி, மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள் பெண்கள். அவர்களில் நம் பெண்கள் ஏராளம். மருந்தடித்த செடிகளுக்குள் நின்றால் உடம்பு என்னவாகும், ஜீப் கவிழ்ந்தால் யார் பொறுப்பு, மாதவிலக்கு நாளில் எங்கே ஒதுங்குவது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இதழ்களில் அவர்கள் 'ஒரு பெண் தொழிலாளி கூறினார்' என்ற ஒற்றை வரியாக வருகிறார்கள். வேதனையை அவர்களிடம் வாங்கிக்கொள்கிறோம்; அது பற்றிய கருத்தை மட்டும் வேறொருவரிடம் கேட்கிறோம். நான் முதுகலையில் படித்த சமூகவியல் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'தகவலாளி'.

"அவர்களுக்கு எழுத வராதே" என்பார்கள். புதுச்சேரி அருகே பண்ணை வேலை செய்த வீரம்மாளுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அவர் தமிழில் சொன்ன வாழ்க்கைக் கதையை ஜோசியான் ரசீன் பதிவு செய்தார். 1995இல் அது பிரெஞ்சு மொழியில் நூலானது. அட்டையில் நூலாசிரியராக வீரம்மாளின் பெயரும் இருந்தது. தமிழில் சொன்ன கதை முதலில் பிரெஞ்சில் வந்தது என்பதை நம் இதழ்கள் யோசிக்க வேண்டும்.

இடைவெளி படிப்பில் மட்டும் இல்லை. தெருக்களையும் சாக்கடைகளையும் சுத்தம் செய்யும் அருந்ததியர்களின் குரல் தலித் இதழ்களிலேயே குறைவு. 2009இல் வந்த 3 சதவீத உள் ஒதுக்கீடு பற்றி அவர்களைத் தவிர மற்ற எல்லோரும் அதிகம் பேசினோம். தலித் அல்லாதவர்கள் எழுதலாமா என்று கேட்டால், தாராளமாக எழுதட்டும் என்பேன். ஆனால் சேரியைப் பற்றி அல்ல; தன் வீட்டுக் கல்யாணப் பேச்சில், தன் தெருக் கோயில் கமிட்டியில் சாதி எப்படி வேலை செய்கிறது என்று எழுதட்டும். அங்கே நம்மால் நுழைய முடியாது.

இதழ் நடத்தும் தோழர்களிடம் நான் கேட்பது மூன்று. ஒவ்வொரு இதழிலும் சில பக்கங்களைப் பேச்சுக்கு ஒதுக்குங்கள். செல்போனில் பதிவு செய்து, அவர் பேசியபடியே எழுதி, அவருக்கே வாசித்துக்காட்டி, அவர் பெயரிலேயே போடுங்கள். வேலை போய்விடும் என்று பயந்தால் அவரே ஒரு புனைபெயர் சொல்லட்டும். உங்களோடு உட்கார்ந்த நாளில் அவர் இழந்த கூலியைக் கொடுங்கள். அச்சான இதழை அவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேருங்கள்.

ஜெய்பீம்.