கீழடி: பேக்கப் எடுத்தாச்சா?

போன மாசம் ஊருக்குப் போனப்ப அப்பாவைக் கூட்டிக்கிட்டு கீழடி அருங்காட்சியகம் போயிருந்தேன். 2023 மார்ச்சுல திறந்தது. செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்காங்க, அருமையா இருக்கு. சுத்திப் பார்த்துட்டு வெளிய வர்றப்ப அப்பா கேட்டார்: "மிச்சத்தையெல்லாம் எங்கடா வச்சிருப்பாங்க?"

அதான் மக்களே மேட்டர். எந்த ஊர் அகழாய்வா இருந்தாலும் தோண்டி எடுக்கறதுல பெரும்பகுதி கண்ணாடிப் பெட்டிக்கு வராது. பானை ஓடு, எலும்பு, கரித்துண்டு, மண்ணுன்னு மூட்டை மூட்டையா கிடங்குக்குத்தான் போகும். 2019ல வந்த கீழடி அறிக்கைல கி.மு. 580ன்னு தேதி சொன்ன மாதிரி, 353 செ.மீ. ஆழத்துல கிடைச்சது. அந்த 353ஐ எழுதின சீட்டைக் கரையான் தின்னுட்டா? வயசு தெரியும், எதோட வயசுன்னு தெரியாது. நம்ம பொழப்புல சொல்றதுன்னா டேட்டா இருக்கு, ப்ரைமரி கீ போச்சு.

பொருளும் சும்மா இருக்காது. ஈரக்காத்து பட்டா இரும்பு துருப்பிடிச்சுக்கிட்டே இருக்கும். வெண்கலத்துல உப்பு ஏறியிருந்தா பச்சைப் பொடியா உதிரும். காத்து புகாத டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைக்கணும். போட்டா மட்டும் போதாது, அது ஈரத்தைக் குடிச்சு முடிச்சதும் எடுத்து, சூடு பண்ணி, திரும்பப் போடணும். யாரு செய்வா, எந்த பட்ஜெட்டுல? கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டலாம், சிலிக்கா ஜெல்லுக்கு வெட்ட முடியாதே :-)

2018 செப்டம்பர் 2 ராத்திரி ரியோ டி ஜெனிரோல பிரேசிலோட தேசிய அருங்காட்சியகம் எரிஞ்சுது. 200 வயசான நிறுவனம், சுமார் 2 கோடி பொருட்கள். தீ கிளம்பினது ஒரு ஏசிலேர்ந்துன்னு விசாரணைல சொன்னாங்க. பக்கத்துல இருந்த ஹைட்ரன்ட்ல தண்ணி இல்லை.

எங்க ஆபீஸ்ல ஒரு ப்ராஜெக்ட்ல தினமும் ராத்திரி பேக்கப் ஓடிச்சு. ரீஸ்டோர் பண்ணிப் பாக்கணும்னு எனக்கும் தோணலை. தேவைப்பட்ட அன்னிக்கு ஃபைல் திறக்கலை. கிடங்கும் அப்படித்தான். இருக்குங்கறது வேற, கேட்டா எடுத்துக் குடுக்க முடியுமாங்கறது வேற.

என்னைக் கேட்டா, குழி வெட்ட காசு ஒதுக்கறப்பவே அடுத்த 50 வருஷம் பாதுகாக்கற காசையும் சேர்த்து ஒதுக்கணும். இல்லையா, அந்தக் குழியை இப்ப வெட்ட வேணாம். மண்ணுக்குள்ள 2600 வருஷம் இருந்தது, இன்னும் பத்து வருஷம் இருந்துட்டுப் போகட்டுமே. தமிழனோட பெருமையைத் தோண்டாதேன்னு சொல்றியான்னு சில பேர் கிளம்புவீங்க. திட்டுங்க, வாங்கிக்கறேன்.