விறகு வாங்கும் முன் தட்டிப் பாருங்கள்

சென்ற பொங்கல் விழாவில் சங்க வளாகத்தைப் புகையில் மூழ்கடித்தவன் அடியேன்தான். "விறகு யார் வாங்கியது?" என்று அன்று பலரும் கேட்டார்கள். செயற்குழு என் பெயரைச் சொல்லாமல் காப்பாற்றியது. இப்போது நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஆஸ்துமா உள்ள ஒரு அம்மாள், பானை பொங்குவதற்கு முன்பே இருமிக்கொண்டு ஆட்டோவில் வீடு திரும்பியதைப் பார்த்தபின் சும்மா இருக்க மனம் வரவில்லை.

விதர்பாவில் விறகுத் தொட்டியை 'டால்' என்பார்கள். விழாவுக்கு முதல் நாள் மாலை அங்கே போனேன். கடைக்காரர் ஒரு குவியலைக் காட்டி "நீல்கிரி" என்றார். நம் ஊர்ப் பெயரைக் கேட்டதும் மயங்கிவிட்டேன். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைலமரம். இங்கே அதற்கு அப்படிப் பெயர். கட்டைகள் நல்ல கனம். கனமாக இருந்தால் நின்று எரியும் என்று நினைத்து மூன்று குவிண்டால் ஏற்றி வந்தேன். அந்தக் கனம் மரத்தினுடையது அல்ல, தண்ணீருடையது.

வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். எடை போட்டு வாங்கும்போது அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். அடுப்பில் வைத்ததும் நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கப் பார்க்கிறது, சூடு ஏறுவதில்லை. மரத்திலிருந்து கிளம்பும் வாயு எரியாமல் புகையாகக் கண்ணுக்கு வருகிறது. அதே தைலமரம் காய்ந்திருந்தால் நன்றாகவே எரிந்திருக்கும். நன்றாகக் காய்ந்த விறகு எந்த மரமானாலும் கிலோவுக்குச் சுமார் 4,500 கிலோ கலோரி வெப்பம் தரும். சில நூறு முன்னே பின்னே இருக்கலாம். ஆகவே ஜாதி பார்ப்பதற்கு முன் ஈரம் பார்க்க வேண்டும்.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், இந்தப் பாடத்தை நான் இளம் வயதிலேயே கற்றிருந்தேன். டிப்ளமோ முடித்து 1982-ல் நீராவி லோகோ ஷெட்டில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, பாய்லரில் நிலக்கரி போடுவதற்கு முன் விறகும் எண்ணெய்ப் பஞ்சும் வைத்துத்தான் பற்றவைப்பார்கள். அந்த வேலை பார்த்த பெரியவர் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். 'டங்' என்றால் உள்ளே போகும். 'டொப்' என்றால் மூலைக்குப் போகும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து கிளம்பும் வெடிப்புகளையும், பட்டை தானாகக் கழன்றிருக்கிறதா என்பதையும் பார்ப்பார். அன்று நான் உள்ளூரச் சிரித்தேன். நாற்பது ஆண்டு கழித்து டாலில் நின்றபோது ஒரு கட்டையைக்கூடத் தட்டவில்லை.

ஈரம் இல்லையென்றால் மரத்தைப் பார்க்கலாம். பானைக்கு உகந்தது கருவேலம்; இங்கே 'பபூல்'. கருத்த பட்டையில் நீளவாக்கில் ஆழமான வெடிப்பு, உள்ளே செவ்வண்ண வயிரம். நின்று எரியும், தணலும் நிற்கும். ஹோமத்துக்கு வாங்குகிற மாங்கட்டை சீக்கிரம் பற்றிச் சீக்கிரம் தீரும். அடுப்பு மூட்ட நல்லது. புரசும் இலவும் இலேசு, காசுக்குப் பிரயோசனமில்லை.

மலிவாகப் பழைய ஸ்லீப்பர் கட்டைகள் கிடைக்கும் என்று ஓர் அன்பர் சொன்னார். ரயில்வேக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், வேண்டவே வேண்டாம். பைன் வகை ஸ்லீப்பர்கள் உளுத்துப் போகாமலிருக்க கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறியவை. அந்தப் புகை விஷம். பெயிண்ட் அடித்த கதவு, பிளைவுட், அரளிக் குச்சி எதுவுமே சமையலுக்கு ஆகாது.

'எதற்கு இந்த வம்பு, காஸ் அடுப்பில் வைத்துவிடலாமே' என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். என் அம்மா ஊதுகுழலோடு பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். நம்முடைய ஊர் நினைப்புக்காகப் பெண்களைப் புகையில் நிறுத்துவது நியாயமில்லை. இங்கே பிறந்த குழந்தைகள் விறகடுப்பைப் பார்ப்பது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். அதை விடவும் எனக்கு மனமில்லை. ஆகவே என் கருத்து இது: தீபாவளிக்குள் விறகு வாங்கி, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கியிருந்தால் விறகு. இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு காஸ்.

மழை விட்டதும் டாலுக்கு நானே போகிறேன். பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் உடன் வந்தால் தட்டிப் பார்க்கக் கற்றுக் கொடுப்பேன். அடுக்கி வைக்க சைக்கிள் ஸ்டாண்டின் கூரையடி போதும். பொருளாளர் ஐப்பசியிலேயே பணம் ஒதுக்க வேண்டும்.