ஸ்குரூ டிரைவர் யார் கையில்?

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது நான் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் தெருவுக்குள் வந்த முதல் கணினி, எனக்குக் கிடைத்த அந்த லேப்டாப்தான். இன்றைக்கும் அது ஓடுகிறது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் மூன்று இயல்களை அதில்தான் எழுதினேன்.

சும்மா ஓடவில்லை. நான்காவது வருடம் சார்ஜர் செருகும் இடம் ஆட்டம் கண்டது. பிரித்து, ஈயம் வைத்தேன். பிறகு ஹார்டு டிஸ்க் போனது; எஸ்எஸ்டி போட்டேன். 2 ஜிபி ராம் 4 ஜிபி ஆனது. பெரிய பேட்டரி செத்த பிறகு, அணைத்துத் திறக்கும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்கே போய் நின்றது. உள்ளே இருக்கும் சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரியை மாற்றியதும் சரியானது. விண்டோஸை எடுத்துவிட்டு லுபுண்டு என்ற இலகுவான லினக்ஸைப் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டும் பார்த்தும் கெடுத்தும்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் முறை அதைத் தரையில் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்ததை அம்மா பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "தரையில உக்காந்து, குனிஞ்சி, சாமான வச்சிக்கிட்டு வேல பாக்கவாடா உன்னப் படிக்க வெச்சோம்?"

என் தாத்தா செருப்புத் தைத்தவர். ஊர்த்தெருவில் திண்ணைக்குக் கீழே, தரையில் உட்கார்ந்து, குனிந்தபடியே தைத்தவர். அன்றைக்கு அம்மாவின் கண்ணில் பட்டது அந்த முதுகுதான்.

இந்தக் கேள்வியைப் பத்து வருடங்களாகச் சுமக்கிறேன். நம் வீடுகளில் பலரும் இதைக் கேட்டிருப்பார்கள். அதனால் பதிலைப் பொதுவில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரே வேலைக்கு இங்கே இரண்டு பெயர்கள் இருக்கின்றன. அடுக்குமாடி வீட்டில், தனி அறையில், மேசை மீது சால்டரிங் அயர்னோடு ஒரு பையன் உட்கார்ந்தால் அது ஹாபி. "பையனுக்கு என்ன மூளை பாருங்கள்" என்று வருகிறவர்களிடம் காட்டுவார்கள். அதே வயதுப் பையன் சென்னை ரிச்சி தெருவில், ஓர் ஆள் மட்டுமே உட்காரக்கூடிய கடையில் அதே அயர்னைப் பிடித்தால் அவன் மெக்கானிக். அவனுடைய மூளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சிப் லெவல் சர்வீஸ் செய்பவரின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். உயிர் இல்லாத ஒரு மதர்போர்டு அவர் கைக்கு வருகிறது. மல்ட்டிமீட்டர் முனைகளை வைத்து, மின்சாரம் எந்த இடம் வரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று படிப்படியாகத் தேடுகிறார். ஷார்ட் ஆகிக் கிடக்கும் கெப்பாசிட்டர் கடுகை விடச் சிறியதாக இருக்கும். நூற்றுக்கணக்கான கெப்பாசிட்டர்களில் அந்த ஒன்றைக் கண்டுபிடித்து, ஹாட் ஏர் கன்னால் சூடாக்கி எடுத்துவிட்டு, வேறு வைக்கிறார். பெரும்பாலான நிறுவனங்கள் அந்த போர்டின் சர்க்யூட் வரைபடத்தைப் பொதுவில் தருவதில்லை. கைமாறி வந்த கோப்புகளையும் சொந்த அனுபவத்தையும் வைத்துத்தான் அவர் இதைச் செய்கிறார். இதைக் 'கைவேலை' என்று மட்டும் சொல்லி ஒதுக்க எப்படி மனம் வருகிறது?

வருகிறது, ஏனென்றால் நமக்கு அப்படிப் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாக அடுக்கிவிடுகிறது என்று அம்பேத்கர் 1936-லேயே விளக்கினார். பொறியியல் கல்வியின் வரலாற்றிலும் இதே அடுக்குதான். அஜந்தா சுப்பிரமணியன் சென்னை ஐஐடியை ஆய்வு செய்து 2019-ல் எழுதிய நூல் இதை விரிவாகக் காட்டுகிறது. காலனியக் காலத்தில் தொழில்நுட்ப அறிவு பட்டறையிலிருந்து வகுப்பறைக்கு மாறியது. தலைமுறை தலைமுறையாகக் கருவி பிடித்தவர்கள் வெளியே நின்றார்கள். கருவியைத் தொட்டே இராத சாதிகள் என்ஜினியர்கள் ஆனார்கள். பிறகு அதற்குத் 'தகுதி' என்று பெயர் வைத்தார்கள்.

ஆர்வம் எல்லோருக்கும் பொது என்பார்கள். பொதுதான், ஆனால் ஆர்வத்துக்கு இடம் வேண்டும். 1975 மார்ச்சில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் கூடியது. ஆப்பிளின் முதல் கணினியை உருவாக்கிய ஸ்டீவ் வாஸ்னியாக் அந்தக் கூட்டத்துக்குப் போனவர். அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஷெட்தான் கண்ணில் நிற்கும். கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று ஒரு பொருளைத் திறக்க அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. எங்களுக்கு இருந்தது பள்ளியின் கணினி அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஆயுத பூஜையன்று மானிட்டருக்குப் பொட்டு வைப்பார்கள். மற்ற நாட்களில் பெரும்பாலும் பூட்டு. சிபியு உள்ளே எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டேன். "தொட்டுக் கெடுத்துடாத, உங்கப்பனா வாங்கிக் கொடுத்தான்?" என்றார் ஆசிரியர்.

இந்த இடத்தில் தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "நம் பிள்ளைகளை மறுபடியும் ஸ்குரூ டிரைவர் பிடிக்கச் சொல்கிறாயா? அது குலக்கல்வி இல்லையா?" அம்மா கேட்டதும் ஏறக்குறைய இதுதான்.

நியாயமான அச்சம். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. பெரியார் அதை எதிர்த்துப் போராடினார். 1954-ல் காமராசர் முதல்வரான பிறகு அது கைவிடப்பட்டது. ஒன்றிய அரசு 2023-ல் விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தபோது தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்புக்கும் இந்த நினைவுதான் காரணம்.

ஆனால் குலக்கல்வியின் விஷம் கருவியில் இல்லை. அப்பன் தொட்டதை மட்டும் தொடு என்ற கட்டளையில் இருந்தது. தாத்தா அந்த வேலையைத் தேர்ந்தெடுக்கவில்லை. தான் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு அவரால் ஊர்த்தெருவில் நடக்கவும் முடியவில்லை. நான் பிரித்த லேப்டாப் என்னுடையது. பிரிக்கச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. பிரிக்காமல் எழுந்து போகவும் எனக்கு உரிமை இருந்தது. நம் பிள்ளைகளுக்கு வேண்டியது இந்த உரிமைதான். கூலியும் கட்டாயமும் இல்லாமல், தெரிந்துகொள்வதற்காக மட்டுமே ஒன்றைத் திறந்து பார்க்கும் உரிமை.

இதில் இன்றைய அவசரம் ஒன்றும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறை பிராசஸரும் வேண்டும். நன்றாக ஓடும் கணினிகள்கூட இந்த விதியால் குப்பையாகின்றன. வாங்க முடிந்தவர்கள் புதிது வாங்குவார்கள். முடியாதவர்களின் பிள்ளைகளுக்குக் கணினியே இருக்காது. தூக்கி எறிந்ததைக் கையுறைகூட இல்லாமல் உடைப்பதும், செம்புக்காக ஒயரை எரித்து அந்தப் புகையைச் சுவாசிப்பதும் யார் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பழைய கணினியை இன்னும் ஐந்து வருடம் ஓட்டுவது அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியையாவது அறுக்கும்.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி வழங்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. வரவேற்போம். கூடவே சிலவற்றைக் கேட்போம். அரசு வாங்கும் கணினிகளின் உதிரி பாகங்கள் பல வருடங்களுக்குக் கிடைக்க வேண்டும். சர்க்யூட் வரைபடங்கள் ஐடிஐகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் தரப்பட வேண்டும். மூடியைத் திறந்தாலே வாரண்டி போய்விடும் என்று மாணவரைப் பயமுறுத்தக் கூடாது.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அம்பேத்கர் பெயரில் மாலை நேர வகுப்புகளும் படிப்பகங்களும் நடத்துகிறோம். ஒவ்வொன்றிலும் ஒரு செத்த கணினியை வாங்கி வையுங்கள். பழைய இரும்புக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பக்கத்தில் ஒரு ஸ்குரூ டிரைவரும் மல்ட்டிமீட்டரும் போதும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருக்கும் பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது என்று சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்க ரிச்சி தெருவிலிருந்தோ உங்கள் ஊர் சர்வீஸ் கடையிலிருந்தோ ஒருவரை அழைத்து வாருங்கள். அவரை 'சார்' என்று கூப்பிடுங்கள். அவர் உட்கார நாற்காலியும், பிள்ளைகள் வேலை செய்ய மேசையும் போடுங்கள்.

மேசை முக்கியம். அதை என் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.